நிலவறை டீ

லண்டனில் டீ ஒன்றும் விலை அதிகமில்லை. தெருமுனை கஃபேயில் இரண்டு, மூன்று பவுண்டு கொடுத்தால் காகிதக் கோப்பை நிறைய ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அதே டீயைப் பிற்பகல் மூன்றரை மணிக்கு, வெள்ளைத் துணி விரித்த மேஜையில், பீங்கான் கெண்டியில், மூன்றடுக்குத் தட்டோடு வைத்தால் அதற்கு 'ஆஃப்டர்நூன் டீ' என்று பெயர். கீழ்த் தட்டில் ஓரம் நறுக்கிய சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே விரல் நீள கேக்குகள். பிக்காடிலியில் 1906இல் திறந்த ரிட்ஸ் ஓட்டலில் இதற்கு ஆளுக்கு எழுபது பவுண்டுக்கு மேல். ஆண்கள் கோட்டும் டையும் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இடத்தை வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் சேத்தா?" என்று கேட்டாள் அம்மா.

"ஆளுக்கு."

பவுண்டு நூறு ரூபாயைத் தாண்டியிருந்த நேரம் அது. அம்மா பணிக்காலம் முழுக்க ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டு, "பதினஞ்சாயிரத்துக்கு டீ குடிச்சேன்னு தெரிஞ்சா உங்க அப்பத்தா கனவுல வந்து அடிப்பா" என்றாள்.

லீட்ஸில் தம்பி வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்பும் வழியில் நானும் அம்மாவும் மட்டும் லண்டனில் சில நாள் இருப்பது என்று ஏற்பாடு. கிங்ஸ் கிராஸ் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் அறை. பெட்டியைத் திறந்தால் கதவைத் திறக்க முடியாத அளவு. இங்கே உனக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா அரண்மனையையும் சொல்லவில்லை, பாலத்தையும் சொல்லவில்லை. "கெண்டியில டீ ஊத்திக் குடிப்பாங்கள்ல, அந்த எடம்" என்றாள். அவள் படித்தது மிஷன் ஹாஸ்டலில். நாலு மணிக்குத் துரைசாணியம்மாவின் வராந்தாவுக்கு டீத் தட்டு போகும். முறை வைத்துப் பிள்ளைகள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அம்மாவின் முறையும் வந்திருக்கிறது. தட்டை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கெண்டியின் மூக்கு எப்படி வளைந்திருந்தது என்று அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஓர் ஓட்டலுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒரு செட் வாங்கி இருவர் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன். முடியாது, மேஜையில் எத்தனை பேரோ அத்தனை செட். கிரெடிட் கார்டு எண்ணை முன்னதாகவே தர வேண்டும், வராமல் போனால் பணம் பிடிப்பார்கள், பில்லோடு பன்னிரண்டரை சதவீதம் சர்வீஸ் சார்ஜ். அந்தப் பெண் எல்லாவற்றையும் மிக இனிமையாகச் சொன்னாள். அவ்வளவு இனிமையான குரலுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சாண்ட்விச்சையும் கேக்கையும் விட்டுவிட்டு ஸ்கோன், ஜாம், க்ரீம், ஒரு கெண்டி டீ மட்டும் கேட்டால் அது 'க்ரீம் டீ'. விலை சடாரென்று இறங்கிவிடும். அதையும் ஓட்டலில் தேடாமல் மியூசியம், தேவாலயம் மாதிரி இடங்களில் தேடினால் இன்னும் இறங்கும். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு இதையே சாப்பாடாக வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். தம்பி மனைவி இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அதனால் மழை பெய்த ஒரு பிற்பகலில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்குப் போனோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதை வழியாக நனையாமல் போய்விடலாம். திப்பு சுல்தானின் மரப்புலி அங்கேதான் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்து வந்தது. மல்லாந்து கிடக்கும் வெள்ளைக்காரனின் மேல் புலி ஏறி நிற்கிறது, வயிற்றுக்குள் ஓர் ஆர்கன். அம்மா கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத உள்ள வச்சுப் பூட்டாம ஊருக்கே காட்டுறாங்க பாரு" என்றாள். அது பாராட்டா கேலியா என்று எனக்குப் புரியவில்லை.

மியூசியத்துக்குள்ளேயே சாப்பாட்டுக்கூடம் என்பது உலகத்தில் முதலில் வந்தது இங்கேதான். முதல் இயக்குநர் ஹென்றி கோல், பார்க்க வருகிற ஜனங்கள் பசியோடு போகக் கூடாது என்று 1860களில் கட்ட வைத்தார். மூன்று அறைகள். ஒன்று வில்லியம் மாரிஸின் கம்பெனி அலங்கரித்தது. இன்னொன்றின் தூண், சுவர் எல்லாம் மெருகேறிய பீங்கான். மூன்றாவதான பாய்ன்டர் அறையின் நீலவண்ண ஓடுகளை வரைந்தவர்கள் அங்கிருந்த கலைப்பள்ளியின் மாணவிகள். ஆனால் அந்தக் காலத்தில் உள்ளே சாப்பாடு ஒரே மாதிரி இல்லை. முதல் வகுப்புக்கு ஒரு மெனு, இரண்டாம் வகுப்புக்கு ஒரு மெனு, தொழிலாளிகளுக்கு மூன்றாவதாக ஒரு ஏற்பாடு.

இப்போது எல்லாருக்கும் ஒரே வரிசைதான். அதுவே கஷ்டமாகிவிட்டது. மூன்று மணிக்குக் கூட்டம் அலைமோதியது. தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யார் எழுந்திருப்பார்கள் என்று நாற்காலி நாற்காலியாகப் பார்த்து, கடைசியில் ஒரு ஸ்பானியக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டோம். அவர்கள் குழந்தை அம்மாவின் சேலை நுனியை ஜாமில் தோய்த்தது. அம்மா எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு சாப்பிட்டாள். "ருசி நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்குடி. பின்னாடியே ஒருத்தன் நிக்கிறான்" என்றாள்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. ஸ்ட்ராண்டு தெருவில் மேற்கே நடந்தோம். 216ஆம் எண்ணில் ட்வைனிங்ஸ் கடை. நடைபாதை மாதிரி ஒடுங்கிய கடை. வாசலுக்கு மேலே ஒரு தங்கச் சிங்கம், இரண்டு பக்கமும் சீனர்களின் உருவம். தாமஸ் ட்வைனிங் இங்கே 1706இல் வாங்கியது ஒரு காபிக் கடையை. அன்றைய லண்டன் காபிக் கடைகள் ஆண்களின் இடம். அரசியல், வியாபாரம், வம்பு எல்லாம் அங்கேதான். குடும்பப் பெண் அங்கே போய் உட்காருவதில்லை. 1717இல் அவர் பக்கத்திலேயே டீத்தூளை எடை போட்டு விற்க ஒரு கடை திறந்தார். பெண்கள் அதற்குள் வந்து வாங்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போய்க் குடிக்கலாம்.

"அப்ப, வாங்கலாம், உக்காரக் கூடாது" என்றாள் அம்மா.

ஆஃப்டர்நூன் டீயின் கதையைச் சொல்லும்போது எல்லாரும் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவில்தான் தொடங்குவார்கள். 1840 வாக்கில், இரவுச் சாப்பாடு எட்டு மணி வரை தள்ளிப்போன காலத்தில், நாலு மணிக்கு வயிறு கிள்ளியதும் அறைக்கே டீயும் ரொட்டியும் வரவழைத்தார். பிறகு தோழிகளையும் கூப்பிட்டுக்கொண்டார். மூன்றடுக்குத் தட்டு விற்கிற எல்லா ஓட்டலும் இந்தச் சீமாட்டியைத்தான் மெனு அட்டையில் அச்சடிக்கிறது. எனக்கு அந்தக் கதையில் அவ்வளவு சுவாரஸ்யமில்லை. மாளிகையும் வேலைக்காரியும் உள்ளவளுக்கு டீ குடிக்க இடம் கிடைத்தது ஒரு செய்தியா?

செய்தி என்றால் அது 1864இல் நடந்தது. ஈஸ்ட் இல்லாமல் காற்றேற்றி ரொட்டி சுட்ட ஏரேட்டட் பிரெட் கம்பெனி, சுருக்கமாக ஏ.பி.சி., தன் ரொட்டிக் கடையோடு டீக்கடையும் திறந்தது. லண்டன் பாலத்தருகே இருந்த கிளையை நடத்திய பெண்தான் வாடிக்கைக்காரர்களுக்கு டீ கொடுத்துப் பார்த்து அந்த யோசனையைச் சொன்னாள் என்பார்கள். 1894இல் பிக்காடிலி 213ஆம் எண்ணில் லயன்ஸ் கம்பெனி தன் முதல் டீக்கடையைத் திறந்தது. வெள்ளையும் தங்கமுமாக முகப்பு, சுத்தமான மேஜை, குறைந்த விலை. பிறகு நாடெங்கும் இருநூறுக்கு மேல் கிளைகள். டைப் அடிக்கிற பெண், தபாலாபீஸ் பெண், கடைவீதிக்கு வந்த பெண், யாராக இருந்தாலும் துணைக்கு ஆண் இல்லாமல் தனியாக வந்து, ஒரு கெண்டி டீ வாங்கி, பேர் கெடாமல் உட்கார்ந்து போகலாம். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் இப்படிப்பட்ட டீக்கடைகளில்தான் கூடிப் பேசினார்கள். ஆக்ஸ்போர்டு தெருவில் ஆலன்ஸ் டீ ரூம்ஸ் என்று ஒரு பெண் நடத்திய கடை, அவர்களுடைய கூட்டங்களுக்கு அறையை வாடகையில்லாமல் கொடுத்தது.

இந்த லயன்ஸ் கம்பெனியைப் பற்றி இன்னொன்று. எந்தக் கிளைக்கு எத்தனை பன், எவ்வளவு கேக் என்று கணக்குப் பார்த்துச் சலித்துப்போய் அவர்களே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டினார்கள். லியோ என்று பெயர். 1951இல் அதில் ஓடியதுதான் வணிகக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் வழக்கமாகச் செய்த முதல் வேலை. பன் கணக்கு! ஐ.டி. கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் தம்பிக்கு இதை உடனே மெசேஜ் அனுப்பினேன். அவன் நம்பவில்லை.

லயன்ஸ் கடைகள் இப்போது இல்லை. ஆனால் ஸ்ட்ராண்டு முடிந்து டிராஃபல்கர் சதுக்கம் வருகிற இடத்தில் செயின்ட் மார்ட்டின் இன் தி ஃபீல்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726இல் கட்டி முடித்தது. 1914இல் வந்த பாதிரியார் டிக் ஷெப்பர்ட் போர்க்களத்துக்குப் போகிற சிப்பாய்களுக்காக இதன் கதவைத் திறந்தே வைத்தார். அன்றிலிருந்து வீடில்லாதவர்களுக்கு ஒதுங்க இடம் கொடுக்கும் கோவில் என்று பேர். அதன் அடியில், பிணங்களை வைத்திருந்த நிலவறையில், இன்றைக்கு ஒரு கஃபே. கிடைக்கிற லாபம் தேவாலயத்தின் காரியங்களுக்குப் போகிறது.

தெருவோரம் வட்டமாக ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இறங்கும் படி. இறங்கினால் செங்கல் வளைவுகள் தாழ வந்து தூண்களில் உட்கார்ந்திருக்கின்றன. மங்கலான விளக்கு. தரையைப் பார்த்ததும் அம்மா கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். பேர், வருஷம், யாருடைய மனைவி, யாருடைய மகன் என்று வெட்டிய எழுத்துகள். சில கற்களில் பாதிக்கு மேல் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. அவற்றின் மேல்தான் மேஜையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள்.

"சமாதி மேல ஷூவோட நடக்கிறதா?" தம்பி வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அம்மா, தரை சில்லுனு இருக்கும். எல்லாரும் நடக்கிறாங்க பாரு."

"எல்லாரும் மிதிச்சு மிதிச்சுத்தான அந்தப் பேரெல்லாம் தேஞ்சு கெடக்கு."

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இணைப்பில் கால் வைத்து, பாண்டி விளையாடுகிற பிள்ளை கோடு மிதிக்காமல் போவதுபோல மூலை மேஜைக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள், கால் யார் பேரின் மேலும் படாதபடி.

இங்கே பரிமாற ஆள் கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு நாமே போக வேண்டும். இரண்டு ஸ்கோன், சின்னக் கிண்ணங்களில் ஜாமும் க்ளாட்டட் க்ரீமும், ஆளுக்கொரு கெண்டி டீ, ஒரே ஒரு கேக் துண்டு. இருவருக்கும் சேர்த்து இருபது பவுண்டுக்குள் அடங்கியது. பாலைச் சின்ன ஜாடியில் குளிரக் குளிரக் கொடுத்தார்கள்.

"இவங்க பாலைக் காய்ச்சவே மாட்டாங்களா?" அம்மா ஜாடியை எடுத்துக்கொண்டு தானே கவுண்டருக்குப் போனாள். "ஹாட் மில்க், ப்ளீஸ்" என்று வகுப்பறைக் குரலில் கேட்டது எனக்கு மேஜை வரை கேட்டது. அங்கிருந்த பையன் ஒரு நொடி முழித்துவிட்டு, காபி மெஷினின் ஆவிக்குழாயை ஜாடிக்குள் விட்டுச் சூடாக்கிக் கொடுத்தான். நுரை ததும்பிய ஜாடியோடு அம்மா திரும்பி வந்தாள். வரும்போது இணைப்புக் கோட்டையெல்லாம் மறந்துவிட்டிருந்தாள்.

க்ளாட்டட் க்ரீமை முந்தின நாள் கூட்டத்தில் அவள் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது கிண்ணத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மேலே பொன்னிறத்தில் லேசான தடிப்பு, சுரண்டினால் சுருளுகிறது. அடியில் வெண்ணெய்க்கும் தயிருக்கும் நடுவான பதம். "ஏடு!" என்றாள். "அடுப்பக் கொறச்சு வச்சு, அப்படியே ஆற விட்டு எடுத்த பாலேடு." அப்படித்தான் செய்கிறார்கள். கொழுப்பு நிறைந்த பாலாடையை அகலமான பாத்திரத்தில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ஆறவிட்டால் மேலே இந்தத் தோல் கட்டும். நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்காவது கொழுப்பு இருக்க வேண்டும். அம்மா கொஞ்சத்தைத் தனியாகக் கரண்டியில் எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். சின்ன வயதில் ஏட்டைத் திருடித் தின்று அவளுடைய அம்மாவிடம் அடி வாங்கியவள்.

பக்கத்து மேஜையில் ஒரு கிழவி தனியாக உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கெண்டி டீ, மடித்த நாளிதழ், பேனா. குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தபோதும் இருந்தார், கேக்கை இரண்டாக வெட்டிச் சாப்பிட்டு முடித்தபோதும் இருந்தார். நடுவில் ஒருமுறை எழுந்துபோய்க் கெண்டியில் வெந்நீர் மட்டும் வாங்கி வந்தார். அதற்குக் காசு கேட்கவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு டீயத்தான் வாங்கியிருக்காங்க. யாரும் எந்திரிங்கன்னு சொல்லலையே."

அப்புறம்தான் சொன்னாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தபோது, காலையில் ஒரு பஸ்ஸை விட்டு இன்னொரு பஸ்ஸுக்காகக் காத்து நிற்க வேண்டும். நிறுத்தத்தை ஒட்டியே டீக்கடை. கூட வேலை பார்த்த வாத்தியார்கள் பெஞ்சில் உட்கார்ந்து 'தினத்தந்தி'யைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்வார்கள். அம்மாவும் இன்னொரு டீச்சரும் புளியமரத்தடியில் நிற்பார்கள். கடைப் பையன் இரண்டு கிளாஸை அங்கே கொண்டுவந்து கொடுப்பான். குடித்துவிட்டுக் கிளாஸை மரத்தடியிலேயே வைத்துவிட வேண்டும். யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மழை பெய்தால் மட்டும் கடைக்காரர், "டீச்சர், கூரைக்கு உள்ள வந்து நில்லுங்க" என்பார். நில்லுங்க.

"அதாவது எங்களுக்கு மரத்தடி இருந்துச்சு" என்று அம்மா மேலும் சொன்னாள். "சேரியிலருந்து வர்றவங்களுக்கு வேற கிளாஸு. தகரத்துல கொக்கி போட்டுத் தனியா மாட்டியிருக்கும். அவங்களே கழுவி வைக்கணும். அதெல்லாம் பாத்துக்கிட்டேதான் டீயக் குடிச்சோம்."

டவுனில் சாப்பாட்டு ஓட்டல்களில் ஃபேமிலி ரூம் என்று பாதிக் கதவு வைத்த அறை இருக்கும். பெண்கள் அதற்குள் போய்விட வேண்டும். அப்பா கூட இருந்தால் அதுவும் நடக்கும். இல்லையென்றால் பஸ்ஸிலேயே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனதைப் பிரிப்பதுதான். நானே கல்லூரி நாட்களில் மதுரை டீக்கடை எதிலும் உட்கார்ந்ததில்லை, இத்தனைக்கும் நான் பயந்த சுபாவமுள்ளவள் இல்லை. இப்போது கண்ணாடி போட்ட கஃபேக்கள் வந்துவிட்டன. காபிக்கு இருநூறு ரூபாய் கொடுத்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பெண்கள் உட்காரலாம். பத்து, பதினைந்து ரூபாய் டீ விற்கும் கடையின் பெஞ்சு இன்னும் பெரும்பாலும் ஆண்களுடையதுதான்.

எனக்கு ஏ.பி.சி. கடையும் லயன்ஸ் கடையும் முக்கியமாகப் படுவது இதனால்தான். இடம் கிடைப்பது மட்டும் போதாது. மாதச் சம்பளக்காரி தினமும் கொடுக்கக்கூடிய விலையில் கிடைக்க வேண்டும். ரிட்ஸில் வருஷத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது வேறு சங்கதி. அதைக் குறை சொல்லவில்லை, காசு இருந்தால் நானும் போவேன்.

நிலவறையில் நாங்கள் நெடுநேரம் இருந்தோம். நானும் வெந்நீர் வாங்கி வந்தேன். அந்த இரண்டாவது டீ வெளிறிப்போய்த்தான் இருந்தது. அம்மா அதையும் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

கடைசி நாள் பிற்பகல் காசைச் சிக்கனம் பண்ணிவிடலாம் என்றாள். சூப்பர் மார்க்கெட்டில் நாலு ஸ்கோன் உள்ள பாக்கெட், ராடாஸ் கம்பெனியின் க்ளாட்டட் க்ரீம் சின்ன டப்பா, ஒரு ஸ்ட்ராபெரி ஜாம். இங்கிலாந்து ஓட்டல் அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மூலையில் ஒரு கெட்டில் இருக்கும். தம்பி வீட்டிலிருந்து எடுத்து வந்த ஃப்ளாஸ்கில் இஞ்சி தட்டிப் போட்டு அம்மா டீ கலந்துகொண்டாள். செயின்ட் ஜேம்ஸ் பூங்காவுக்குப் போனோம். புல்வெளியில் வரிசையாகத் துணி நாற்காலிகள். உட்காரப் போனவளைத் தடுத்து, அதற்கு வாடகை உண்டு என்றேன். "இந்த ஊர்ல சமாதியில உக்கார காசில்ல, புல்லுல உக்கார காசா?" என்று மரப் பெஞ்சுக்கு நடந்தாள். ஏரிக்கரையில் கூழைக்கடாக்கள் இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தன. 1664இல் ரஷ்யத் தூதர் ராஜாவுக்குப் பரிசாகக் கொடுத்தபோது தொடங்கிய வழக்கமாம்.

பெஞ்சின் மறுகோடியில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி எங்கள் ஏற்பாட்டைக் கவனித்துவிட்டு, நீங்கள் டெவனா கார்ன்வாலா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். டெவன்காரர்கள் ஸ்கோனில் முதலில் க்ரீமைத் தடவி அதன் மேல் ஜாம் வைப்பார்கள். கார்ன்வாலில் முதலில் ஜாம், மேலே க்ரீம். இரண்டு மாவட்டத்துக்கும் தீராத வழக்கு. அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா ஸ்கோனைப் பிட்டு, ஒரு பாதிக்கு ஜாம் மட்டும், இன்னொரு பாதிக்கு ஏடு மட்டும் தடவிக் காட்டினாள். அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அம்மா ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி அவரிடம் நீட்டினாள். என் பக்கம் திரும்பி, "சீனி நெறையப் போட்டிருக்குன்னு மொதல்லயே சொல்லிரு. இஞ்சியும் காரமா இருக்கும். பெறகு மூஞ்சியச் சுளிக்கப் போறாங்க" என்றாள்.

சொன்னேன். அவர் ஒரு வாய் குடித்தார், இருமினார், இது டீயே இல்லை என்றார். பிறகு மூடியைத் திருப்பித் தராமல் பாதி வரை குடித்துவிட்டு, என்ன போட்டிருக்கிறாள் என்று உன் அம்மாவைக் கேள் என்றார்.